உயரம் தெரியாது

எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு பொய் மனிதர் உண்டு. ஒரு வேலையை முடித்ததும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, திரையில் ஏதாவது ஒரு பெயரைத் தட்டிப் பார்ப்போம். பக்கத்து சீட்டு விஜயகுமாரி 'டெஸ்ட் டெஸ்ட்' என்று தட்டுவாள். டீம் லீடர் தீனதயாளன் தன் மாமனார் பெயரைத் தட்டி, வயது நூற்றைம்பது என்று போட்டு, எரர் வந்தால் சந்தோஷப்படுவார். என்னுடைய ஆள் ஸ்டான்லி. ஆண், வயது இருபத்தாறு, ஊர் நெம்மேலி, இடது முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு, உயரம் என்ற கட்டம் காலி. மற்றவர்களுடையது பொய் ஆட்கள். ஸ்டான்லி என் தம்பி.

ஆபீஸ் படூரில் இருக்கிறது. எங்களிடம் மென்பொருள் வாங்குகிறவர்களில் ஓர் அறக்கட்டளையும் உண்டு. யாரும் தேடி வராத உடல்களைப் பிணவறையிலிருந்து வாங்கி, மரியாதையாக அடக்கம் செய்கிறவர்கள். புதைப்பதற்கு முன் ஒவ்வொரு உடலின் படம், உத்தேச வயது, உயரம், தழும்பு, மச்சம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் ஆளைத் தொலைத்தவர்கள் செங்கல்பட்டில் இருக்கும் அவர்களுடைய கவுன்டருக்குப் போய் விவரம் சொன்னால், தேடிப் பார்த்து, பொருந்தி வருகிற படங்களை மட்டும் காட்டுவார்கள். பொருந்தாத படம் யாருக்கும் திறக்காது, எனக்கும்தான். செத்தவர்களின் முகத்தை யார்யாரோ புரட்டிப் பார்க்கக் கூடாது என்று அவர்கள் வைத்த விதி அது, நல்ல விதிதான்.

அந்தத் தேடலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாரும் என் தலையில் கட்டவில்லை, ஸ்டான்லி வீட்டை விட்டுப் போன பிறகு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "இன்னா அன்பரசி, பேங்க் புராஜெக்ட வுட்டுட்டு பொணத்தாண்ட போறேன்ற?" என்று தீனதயாளன் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிச் சிரித்ததில்லை.

ஸ்டான்லி தண்ணீர் லாரி ஓட்டினான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இவன் எங்கோ கிணற்றில் தண்ணீர் பிடித்து ஓஎம்ஆர் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவான். "நம்ம ஊர்ல எல்லாத் தண்ணியும் வெளியூருக்குத்தான் போவும்க்கா" என்பான். கோபக்காரன். ஒரு நாள் லாரி முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டு, வேலை போய் வந்து நின்றான். அம்மா அதற்குமேல் கோபக்காரி. "வேல ஒண்ணு தேடிக்கினு வா, அப்பால இந்தப் படி ஏறு" என்றாள். அவன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து, தலையைக் குனிந்து வாசலைத் தாண்டிப் போனான்.

குனிந்துதான் போயாக வேண்டும். எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, நிலைப்படி தாழ்வு. எங்கள் அப்பா சின்னராசுவுக்கு அந்த வீடு சரியாக இருந்தது, எனக்கும் அம்மாவுக்கும் தாராளமாக இருந்தது. ஸ்டான்லி மட்டும் பத்தாவது படிக்கும்போதே தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்து, பிறகு குனியக் கற்றுக்கொண்டான்.

பத்தாவதில் பெயிலானபோதும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு ஓடினான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அம்மாவுக்கு ஒரு சேலையோடு வாசலில் வந்து நின்றான். அதனால் இந்த முறையும் அம்மா அசரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் கோபம் தீரவில்லை என்று கணக்கு. நான்தான் பொறுக்க மாட்டாமல் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, அம்மாவை அந்தக் கவுன்டருக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

கவுன்டரில் துர்காதேவி என்ற பெண் இருந்தார். பொறுமைசாலி. பெயர், வயது, தழும்பு எல்லாம் கேட்டுக்கொண்டு, "உயரம் எவ்ளோம்மா?" என்றார்.

"நல்ல ஒசரம். வூட்டு வாசல்ல குனிஞ்சிதான் உள்ள வருவான்."

"சென்டிமீட்டர்ல சொல்லணுமேம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் யாருடைய உயரமாவது உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை பிறந்தபோது எடை சொல்வோம், பெண் பார்க்க வரும்போது நிறம் சொல்வோம். தையல்காரருக்குக்கூடத் தோளும் இடுப்பும் காலும் தனித்தனியாகத்தான் தேவை. முழு ஆளை நிற்கவைத்து யார் அளந்தது? நான் வாய்க்கு வந்தபடி, "நூத்தி எழுபதுன்னு போட்டுக்கங்க மேடம்" என்றேன்.

அம்மா என் கையில் ஒன்று போட்டாள். "தெரியாதத எதுக்குடி சொல்ற? தப்பா சொல்லி வேற எவனையாவது நம்ம புள்ளன்னு காட்டிடப் போறாங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதிக்கம்மா."

என் அம்மா செங்கம்மாள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். துர்காதேவி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தேடினார். பொருத்தம் எதுவும் இல்லை என்று வந்தது. அம்மா அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, துர்காதேவியின் கன்னத்தைத் தடவி முத்தமிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'இல்லை' என்பது நல்ல சொல்லாகிவிட்டது. அம்மா கடற்கரை ரிசார்ட் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறாள். நான் கோவளத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேரும்போது வாசலிலேயே கேட்பாள்.

"இன்னாடி சொல்லுச்சி ஒன் மிஷினு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஸ்தோத்திரம். எங்கியோ நல்லா துன்னுகினு, எம்மேல கோவமா குந்தினு கீறான்."

அப்படிச் சொல்கிற நாளில் குழம்பில் இன்னும் இரண்டு துண்டு மீன் விழும். இரண்டு கிறிஸ்துமஸ் இப்படிப் போயிற்று. இரண்டுக்கும் அவனுக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்து, தட்டில் சோறும் வைத்து மூடினாள். எனக்கும் அந்தத் திரைமேல் நம்பிக்கை வந்துவிட்டது. கொஞ்சமாகக் கேட்டால் நிறைய வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உயரம் சொல்லாமல் விட்டால் எல்லா உயரத்துக்காரர்களையும் காட்டும், அதில்கூட என் தம்பி இல்லை என்றால் அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு காலை, துர்காதேவியிடமிருந்து ஒரு புகார் வந்தது. காட்டாங்கொளத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, தன் வீட்டுக்காரரை உயரம் சொல்லாமல் தேடியபோது யாரும் இல்லை என்று வந்திருக்கிறது. பிறகு மகன் ஊரிலிருந்து வந்து, அவர் பழைய செக்யூரிட்டி வேலைக்கு எடுத்த உயரத்தைச் சொன்னதும் அதே ஆள் வந்துவிட்டார். 'உயரம் போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை. கொஞ்சம் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்.

படித்ததும் பதில்கூட எழுதாமல் நிரலைத் திறந்தேன்.

இதை ஜாவா தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் நிரப்பியதை ஜாவா வாங்கி, தரவுத்தளத்திடம் அதன் சொந்த பாஷையில் ஒரு கேள்வியாகக் கேட்கிறது. இந்த உயரத்துக்குச் சற்று மேலே கீழே உள்ளவர்களைக் கொடு என்பது கேள்வி. உயரத்தை நிரப்பாவிட்டால், அந்த இடத்தில் 'நல்' என்ற ஒன்று போகும். அது பூஜ்யம் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை, தெரியாது என்று அர்த்தம். தெரியாத உயரத்தோடு நூற்று எண்பது பொருந்துமா என்று கேட்டால் தரவுத்தளம் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, அதுவும் தெரியாது என்றுதான் சொல்லும். ஆனால் ஆமாம் என்று வந்த ஆட்களை மட்டும்தான் அது எடுத்துக் கொடுக்கும். மற்றவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். ஆக, உயரத்தைக் காலியாக விட்டுத் தேடினால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒருவரும்.

உயரம் காலியாக இருந்தால் உயரத்தைப் பார்க்காதே என்று ஒரு நிபந்தனை இருந்திருக்க வேண்டும். நிரலின் பழைய பதிப்புகளைத் தோண்டினேன். இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த திருவேங்கடம் என்பவர் எழுதியிருக்கிறார். காலியாக வந்த மதிப்பு எண்ணா எழுத்தா என்று புரியாமல் தரவுத்தளம் எரர் காட்டியிருக்கிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? எரர் வந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது தானே அடங்கும். அடங்கிவிட்டது. பக்கத்தில் 'எரர் சரிசெய்யப்பட்டது' என்று குறிப்பு வேறு.

"யாரு சார் இந்த திருவேங்கடம்?" என்று தீனதயாளனின் சீட்டுக்குப் போய்க் கத்தினேன். மொத்த மாடியும் திரும்பியது. "எங்க இருக்கான் அவன்?"

"அவன் ரிசைன் பண்ணி கனடா போயிட்டாம்மா. இன்னா ஆச்சி?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அடுத்த விஷயமும் உறைத்தது. யார் உயரத்தைக் காலியாக விடுவார்கள்? இன்சூரன்ஸ் எடுத்தவர் விட மாட்டார், பெரிய ஆஸ்பத்திரியில் செக்கப் செய்தவர் விட மாட்டார். பிள்ளையைத் தொலைத்துவிட்டு, வாசலில் கையைத் தூக்கி இம்மாம் ஒசரம் என்று காட்டுகிற அம்மாக்கள்தான் விடுவார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்ன அத்தனை பேருக்கும் இந்தப் பாழாய்ப்போன வரி இல்லை, இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

தீனதயாளன் எழுந்து நின்றார். "அன்பரசி, இத நீ பண்ண வேணாம். விஜயகுமாரி பண்ணட்டும். நீ வூட்டுக்குப் போ."

"நான்தான் பண்ணுவேன் சார்."

அரை மணி வேலைகூட இல்லை. நிபந்தனையைத் திரும்ப எழுதி, காலியாக வந்தாலும் இது எண்தான் என்று தரவுத்தளத்துக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். எரர் வரவில்லை. இனி சோதித்துப் பார்க்க வேண்டும். என் விரல்களுக்கு வேறு பெயர் பழக்கமில்லை. ஸ்டான்லி, ஆண், இருபத்தாறு, தழும்பு, போன தேதி, உயரம் காலி. 'தேடு' என்ற பட்டனுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை அழுத்தாதவரைக்கும் அவன் எங்கேயோ கோபமாக உட்கார்ந்திருக்கிறான். விஜயகுமாரி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். முதல் படம் யாரோ. இரண்டாவது படம் யாரோ, ஒரு கணம் அநியாயமாகச் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது என் தம்பி.

கண் பாதி திறந்திருந்தது. நெற்றியில் அடி. தூக்கத்தில் எழுப்பினால் முறைப்பானே, அப்படியே இருந்தான். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஏதோ வண்டி மோதியிருக்கிறது, பையில் போனும் இல்லை, பர்சும் இல்லை. தேதி, அவன் வீட்டை விட்டுப் போன அதே வாரம். வேலை தேடித்தான் அந்தப் பக்கம் போயிருப்பான், அங்கேதான் கம்பெனிகள் இருக்கின்றன. அடக்கம், பாலாற்றங்கரை. உயரம் என்ற கட்டத்தில் நூற்று எண்பத்திரண்டு என்று இருந்தது. எங்களுக்குத் தெரியாததை யாரோ ஒருவர் டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். உயிரோடிருந்தவரைக்கும் அவனை யாரும் அளக்கவில்லை.

இரண்டு கிறிஸ்துமஸும் நாங்கள் சோறு வைத்து மூடியபோது அவன் பாலாற்று மணலில் கிடந்திருக்கிறான். நான் தினமும் அவன் பெயரை அடித்து அவனைத் தேடியிருக்கிறேன், அவனும் அங்கேயேதான் இருந்திருக்கிறான். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் திரையை உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

தீனதயாளன் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரிலீஸ் நாளைக்குப் பாத்துக்கலாம்மா. நீ மொதல்ல அம்மாகிட்ட..." என்று இழுத்தார்.

"இன்னைக்கே போடுங்க சார். உயரம் போடாம தேடுனவங்க எல்லாருக்கும் திரும்பத் தேடச் சொல்லி துர்காதேவிகிட்ட சொல்லுங்க."

"அவங்கல்லாம் நம்பிக்கையோட இருப்பாங்கம்மா."

"தெரியும் சார்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். கோவளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது எல்லாம் கலைந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா வேலை முடிந்து வந்து, தன் புடவையை ரிசார்ட் மடிப்பாக ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லியா?"

அம்மா புடவையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ரொம்ப மெதுவாக, "ஒண்ணும் இல்லன்னுதான சொல்லுச்சி?" என்றாள்.

ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கும் குழம்பு கொதித்திருக்கும். இன்னும் எத்தனையோ கிறிஸ்துமஸ் அவள் சட்டை எடுத்திருப்பாள். என்னால் முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். "எங்க?"

"செங்கல்பட்டாண்ட. வண்டி மோதிடுச்சிம்மா."

"எப்போ?"

"போன அதே வாரம்."

"அப்போ வேல தேடித்தான் போய்கீறான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "படி ஏறாதன்னு நான்தான சொன்னேன்" என்றாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து அந்த இரண்டு சட்டைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் வந்தபோதும், பாஸ்டர் வந்து ஜெபம் செய்தபோதும் அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

போலீஸ் வேலைகளை முடித்து, துர்காதேவி எங்களைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துப் போனார். மணலும் கருவேலமும்தான், நடுவே வரிசையாக எண் எழுதிய சின்னச் சின்னக் கற்கள். அங்கே குழி வெட்டுகிறவர் சாலமோன், வயதானவர், பக்கத்துக் குழியில் வேலையாக இருந்தார். எண்ணைச் சொன்னதும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து கல்லைக் காட்டினார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அம்மா இரண்டு சட்டைகளையும் மண்மேல் விரித்து வைத்தாள். கல்லிலிருந்து எதிர்ப்பக்கம்வரை நடந்து பார்த்தாள். திரும்பவும் நடந்தாள். மேடு எப்போதோ தணிந்து, எது குழி, எது தரை என்று சொல்ல முடியவில்லை. பிறகு சாலமோனிடம் போனாள்.

"அண்ணாத்த, குழிய நீட்டமா வெட்னியா? எம் புள்ள ஒசரம். எங்க வூட்லயே குனிஞ்சிகினேதான் இருந்தான். காலு மடங்கலியே?"

சாலமோன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த வரிசை முழுக்க இருந்த கற்களைப் பார்த்தார். அவருக்கு எப்படி நினைவிருக்கும்? உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லச் சொல்லித்தான் என் அம்மா அன்றைக்கு என்னை அடித்தாள். தெரியாது என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்று நான் ஆண்டவரைக் கெஞ்சினேன்.

"நல்லா நீட்டமாத்தான் வெட்னேன்மா. தாராளமா காலு நீட்டிப் படுத்துகினான்."

"குனியல?"

"குனியவே இல்லம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அழுதாள்.